விடியற்காலை ஐந்தரை மணி டிராஃப்ட்: இந்தச் சந்தாவைப் புதுப்பிக்கலாமா?

அமெரிக்க ஃபுட்பாலை நேரலையில் காட்டும் செயலியின் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் இரண்டு தடவை வந்துவிட்டது. 2025 பருவம் இந்த மாதம்தான் தொடங்கியிருக்கிறது, எல்லாரும் ஆட்டம் பார்க்கப் பணம் கட்டுவார்கள், நான் கட்டுவது ஏப்ரலில் மூன்று நாள் நடக்கும் டிராஃப்டுக்காக, அதாவது அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிக்காக. ஆட்டங்களின் நேரலை எப்படி, படம் தெளிவா என்றெல்லாம் ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். டிராஃப்டை வேலூர்ப் பக்கத்திலிருந்து பார்ப்பவனுக்கு இந்தச் செயலி காசுக்குத் தகுமா என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதனால் நானே எழுதுகிறேன். நடுவில் எங்கள் அணியைப் பற்றி நிறையப் பேசுவேன், அது இல்லாமல் இந்த விமர்சனத்தை எழுத முடியாது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கருத்துகள் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. பேர்ணாம்பட்டில் ஒரு டேனரியில் தோல் ரகம் பிரிக்கும் வேலை. பதினாறு வருஷம் ஆகிறது. வெட் ப்ளூ (குரோமில் பதனிட்ட ஈரத்தோல்), கிரஸ்ட் (பதனிட்டுக் காயவைத்த, கடைசி மெருகு போடாத தோல்) இரண்டும் என் மேஜைக்கு வரும். ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்தில் விரித்து, உண்ணித் தடம் இருக்கிறதா, உரிக்கும்போது கத்தி பட்டிருக்கிறதா, வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இருக்கிறதா, கழுத்துச் சுருக்கம் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று பார்த்து, இது முதல் செலக்‌ஷன், இது மூன்றாவது, இது கழிவு என்று அடுக்க வேண்டும். டிராஃப்ட் என்றால் என்னவென்று 2020-இல் என் அக்கா பையன் சொன்னதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: அட, நம்ம மேஜை!

அப்போது ஊரடங்கு. டேனரி மூடிக் கிடந்தது. அப்போது காட்பாடியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த பையன் விடுதி மூடியதால் வீட்டில் இருந்தான், விடியற்காலையில் போர்வைக்குள் மொபைலை வைத்துக்கொண்டு என்னவோ பார்க்கிறானே என்று எட்டிப் பார்த்தேன். அந்த வருஷம் மேடை, கூட்டம் எதுவும் இல்லை. அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.-இன் ஆணையர் ரோஜர் குடெல் தன் வீட்டு அடித்தளத்து அறையிலிருந்து ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டிருந்தார். “மாமா, இங்க ஏலம் கிடையாது, வரிசை. போன வருஷம் கடைசியா வந்த அணிதான் முதல்ல எடுக்கும்” என்றான். ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகிய எனக்கு அது பெரிய ஆச்சரியம். கோடிக்கணக்கில் கையைத் தூக்குகிற வேலையே இல்லை. 32 அணிகள், ஏழு சுற்று, எந்த எண்ணில் எடுக்கப்படுகிறானோ அதற்கு ஏற்ற சம்பளம் ஏறக்குறைய முன்கூட்டியே தீர்மானம். அப்போதெல்லாம் முதல் சுற்றில் ஒரு அணிக்குப் பத்து நிமிடம் யோசிக்கக் கொடுத்தார்கள், இரண்டாவதில் ஏழு, மூன்றிலிருந்து ஆறு வரை ஐந்து, ஏழாவது சுற்றில் நாலே நிமிடம்.

எந்த அணியைப் பிடிப்பது என்று கேட்டேன். அவன் பட்டியல் போட்டுச் சொன்னதில் ஒரு பெயரில் நின்றுவிட்டேன்: கிரீன் பே பேக்கர்ஸ். பேக்கர்ஸ் என்றால் இறைச்சியைப் பதப்படுத்தி டப்பாவில் அடைப்பவர்கள். 1919-இல் கர்லி லம்போ என்ற இளைஞர் தான் வேலை பார்த்த இறைச்சி நிறுவனத்திடம் சீருடைக்காக 500 டாலர் வாங்கி ஆரம்பித்த அணி. இறைச்சித் தொழில் இருக்கும் இடத்தில்தான் தோல் கிடைக்கும், தோல் இருக்கும் இடத்தில்தான் எங்களைப் போன்றவர்களுக்குச் சோறு. ஊரும் ஏறக்குறைய குடியாத்தம் அளவுதான், ஒரு லட்சத்துச் சொச்சம் பேர். அங்கே எண்பதாயிரத்துக்கு மேல் உட்காரும் மைதானம். முதலாளி என்று ஒருவர் கிடையாது, ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட சாதாரண ஜனங்கள் பங்கு வைத்திருக்கிறார்கள், அந்தப் பங்குக்கு லாபம் என்று ஒரு பைசா வராது, இருந்தும் வாங்குகிறார்கள். இதைக் கேட்டபிறகு வேறு அணியைப் பற்றி யோசிக்கவே இல்லை. அப்புறம் இன்னொன்று தெரியவந்தது: அந்தப் பந்தைப் பன்றித்தோல் என்று அங்கே செல்லமாகச் சொன்னாலும் அது மாட்டுத்தோல். சிகாகோவில் ஹார்வீன் டேனரியில் பதனிட்டு, ஒஹையோ மாநிலத்தில் ஏடா என்ற சின்ன ஊரில் வில்சன் தொழிற்சாலையில் தைக்கிறார்கள். இதை எங்கள் மேஜையில் மூத்தவரான பாயிடம் சொன்னபோது, “எந்த செலக்‌ஷன் தோல் போடுறாங்க?” என்றுதான் முதல் கேள்வி கேட்டார்.

சரி, செயலிக்கு வருகிறேன்.

முதல் குறை, புதிதாகச் சேருபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நிகழ்ச்சி நிரலில் நேரத்தை அமெரிக்கக் கிழக்கு நேரத்தில் மட்டும் போடுகிறார்கள். இந்த 2025-ஆம் வருஷ டிராஃப்ட் ஏப்ரல் 24 வியாழன் இரவு 8 மணி என்று போட்டிருந்தது. நமக்கு அது 25-ஆம் தேதி வெள்ளிக்கிழமை விடியற்காலை 5.30. இரண்டாம் நாள் சனிக்கிழமை விடியற்காலை 4.30. மூன்றாம் நாள் மட்டும் அங்கே நண்பகலில் தொடங்குவதால் நமக்குச் சனிக்கிழமை இரவு 9.30, அது ஞாயிறு விடியும் வரை போகும். இந்தியாவில் பணம் வாங்குகிற செயலி இந்திய நேரம் காட்டக் கூடாதா? ஒரு நினைவூட்டல் கூட வரவில்லை. நான் சுவர்க் காலண்டரில் எழுதி வைத்திருந்தேன், அதனால் தப்பித்தேன்.

எங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை, அது பெரிய வசதி. ஃபஜ்ர் தொழுகை முடிந்து பஜாரில் டீக்கடை திறந்திருக்கும், அங்கே போய் ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு ஐந்தேகாலுக்கு மொட்டை மாடிக்கு வந்துவிட்டேன். ஏப்ரல் கடைசி வாரத்தில் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியுமே, அந்த நேரத்திலேயே மாடித் தரையில் முந்தின நாள் சூடு மிச்சம் இருந்தது. ஐந்து ஐம்பதுக்குக் கரண்ட் போனது. மோடம் அணைந்தது. மொபைல் டேட்டாவுக்கு மாற்றினால் செயலி மறுபடி உள்ளே போகச் சொல்லிக் கடவுச்சொல் கேட்டது, அதைப் போட்டதும் நேரலையின் ஆரம்பத்துக்குப் போய் நின்றது. ஓடுகிற இடத்துக்குப் போக ஒரு பொத்தான் இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாத மூலையில் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. இணையம் நிமிடத்துக்கு ஒரு முறை போய் வரும் ஊர்களில் இருப்பவர்களை யோசித்தே பார்க்காமல் செய்த வேலை இது. அக்கா பையனுக்கு அவன் இருக்கும் இடத்தில் எனக்கு ஒரு நிமிடம் முன்னதாகவே எல்லாம் வந்துவிடுகிறது, அவன் “மாமா!” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கடைசியில் அவன் செய்தியை மூடிவைத்துவிட்டுப் பார்த்தேன்.

இந்த வருஷம் விசேஷம் என்ன என்றால் டிராஃப்ட் நடந்ததே கிரீன் பேயில், எங்கள் லம்போ மைதானத்தின் வாசலில். மூன்று நாளில் ஆறு லட்சம் பேர் வந்ததாகக் கணக்கு சொன்னார்கள். ஒரு லட்சம் பேர் இருக்கும் ஊரில்! படத்தின் தரத்தைப் பற்றி இங்கே ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும், இணையம் ஒழுங்காக இருந்த நேரமெல்லாம் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. கூட்டத்தில் ஒரு தாத்தா சீஸ் துண்டு மாதிரி செய்த மஞ்சள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார், அவர் உதடு அசைவது தெரிந்தது. எங்கள் முறை வருவதற்கு இன்னும் வெகு நேரம் இருந்தது அப்போது.

முதல் தேர்வு டென்னசி டைட்டன்ஸ், கேம் வார்ட். மியாமி பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக், அதாவது ஆட்டத்தை நடத்திப் பந்தை வீசுகிற ஆள். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்குப் பிடித்தது அவன் வந்த வழி. பள்ளிக்கூடம் முடித்தபோது பெரிய கல்லூரி எதுவும் அவனைச் சீந்தவில்லை, இன்கார்னேட் வேர்ட் என்ற சிறிய கல்லூரியில் ஆரம்பித்து, வாஷிங்டன் ஸ்டேட் போய், அங்கிருந்து மியாமி போய், நாட்டிலேயே முதல் ஆளாக வந்து நின்றான். இந்த மாதிரித் தோல் எங்கள் மேஜைக்கும் வரும். பச்சையாக இருக்கும்போது யாரும் திரும்பிப் பார்க்காதது, சுண்ணாம்பிலிருந்து வெளியே வந்ததும் முகம் திறந்துவிடும்.

இரண்டாவது தேர்வுதான் அன்றைய சூடான விஷயம். ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் ஐந்தாம் இடத்திலிருந்து இரண்டுக்குத் தாவியது, டிராவிஸ் ஹன்டருக்காக. பதிலுக்கு கிளீவ்லாந்து பிரவுன்ஸுக்குக் கொடுத்தது: ஐந்தாவது தேர்வு, 36-ஆவது, 126-ஆவது, அதோடு அடுத்த வருஷ முதல் சுற்றுத் தேர்வு. திரும்ப வந்தது இரண்டாவதோடு 104, 200. ஹன்டர் கல்லூரியின் சிறந்த ஆட்டக்காரனுக்குத் தரும் ஹைஸ்மன் விருதை 2024-இல் வாங்கியவன், பந்தைப் பிடிக்கும் ரிசீவராகவும் ஆடுவான், எதிர் அணி ரிசீவரைத் தடுக்கும் கார்னராகவும் ஆடுவான். இரண்டு பக்கமும் முடிக்கக்கூடிய தோல், அபூர்வம்தான். ஆனால் என் கருத்து, விலை அதிகம். ஒரு ஆளை இரண்டு வேலைக்கும் போட்டால் உடம்பு எத்தனை வருஷம் தாங்கும் என்பது ஒரு கேள்வி, அடுத்த வருஷ முதல் சுற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தது இன்னொரு கேள்வி. தங்கள் அணி எந்த இடத்தில் முடியும் என்று தெரியாமலே அந்தத் தேர்வைக் கொடுக்கிறார்கள். பிரவுன்ஸ் அன்றைக்கு நல்ல வியாபாரம் செய்தார்கள் என்பேன், அவர்கள் அப்புறம் செய்ததைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

மூன்றிலிருந்து இருபத்திரண்டு வரை வேகமாகக் கடந்துவிடுகிறேன். ஆறாவதாக லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் ஆஷ்டன் ஜென்டியை எடுத்தது சரி. ஓடுகிற ஆளுக்கு அவ்வளவு உயரத் தேர்வு தரக்கூடாது என்று சொல்லுகிற கட்சியில் நான் இல்லை.

இருபத்துமூன்று. கிரீன் பே முறை வந்ததும் மைதானத்துக்கு வெளியே எழுந்த சத்தத்தில் என் மொபைலின் சின்ன ஸ்பீக்கர் கரகரத்தது. அணித் தலைவர் மார்க் மர்ஃபி மேடைக்கு வந்தார், அந்தக் கோடையோடு ஓய்வு பெறப் போகிறவர், சொந்த ஊரில் சொந்த ஜனத்தின் முன்னால் படித்தார்: மேத்யூ கோல்டன், ரிசீவர், டெக்சாஸ். நான் மாடியில் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் என்று மற்ற அணிக்காரர்களுக்குப் புரியாது. 2002-இல் ஜாவன் வாக்கரை எடுத்ததற்குப் பிறகு எங்கள் அணி முதல் சுற்றில் ஒரு ரிசீவரைக் கூட எடுக்கவில்லை. இருபத்துமூன்று வருஷம். எங்கள் பழைய குவார்ட்டர்பேக் ஆரன் ராஜர்ஸ் எங்களுக்காக ஆடிய காலம் முழுவதும் ஒருமுறை கூட இல்லை. ஜனங்கள் வருஷா வருஷம் கேட்டார்கள், அணியும் வருஷா வருஷம் வேறு ஆளை எடுத்தது. கோல்டன் 40 கெஜத்தை 4.29 நொடியில் ஓடியவன்.

மறுநாள் டேனரியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவன் ஆடிய காட்சிகளைப் பாயிடம் காட்டினேன். பாய்க்கு இந்த ஆட்டத்தின் விதி ஒன்று கூடத் தெரியாது. கையைத் துடைத்துக்கொண்டு மொபைலை வாங்கினார், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், தோலைப் பார்க்கிற மாதிரியே கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். ஒரே காட்சியை நாலு தடவை ஓட்டச் சொன்னார். கோல்டன் நேராக ஓடிவந்து சட்டென்று உள்ளே திரும்புகிற காட்சி அது. “ஓடுறத விடு தம்பி, ஓட எல்லாருந்தான் ஓடுவான். திரும்புற இடத்துல வேகம் கொறையுதான்னு பாரு. இவனுக்குக் கொறையல” என்றார். ஆங்கிலத்தில் நிபுணர்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதை இவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார் என்று எனக்குப் பட்டது. நேராகக் கிடக்கும்போது எந்தத் தோலும் அழகுதான், மடித்துப் பார்த்தால்தான் கிரெய்ன், அதாவது மேல்பரப்பு, உடைகிறதா என்று தெரியும்.

இரண்டாம் நாளில் எனக்கு வருத்தம் உண்டு. 54-ஆவதாக நார்த் கரோலினா ஸ்டேட்டின் ஆன்டனி பெல்டனை எடுத்தார்கள், மலை மாதிரி உடம்பு, குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் அரண் போல நிற்கிற ஆள். ஆள் மோசம் என்று சொல்லவில்லை. அந்த இடத்தில் தற்காப்பில் ஒரு கார்னரை எடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம், அந்த இடம்தான் எங்களிடம் மெலிந்திருந்தது. 87-ஆவதாக இன்னொரு ரிசீவர், டெக்சாஸ் கிறிஸ்டியனின் சேவியன் வில்லியம்ஸ். அவனை எனக்குப் பிடிக்கும், எந்த இடத்தில் நிறுத்தினாலும் பந்தைக் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் வருஷக்கணக்கில் பட்டினி போட்டுவிட்டு ஒரே வாரத்தில் இரண்டு தடவை விருந்து வைப்பதா என்று அக்கா பையன் கேட்டான், நியாயமான கேள்வி.

செயலி இரண்டாம் நாளில் தொந்தரவு தரவில்லை, கரண்டும் இருந்தது. ஆனால் நிகழ்ச்சி பாதை மாறியது அங்கேதான். கொலராடோவின் குவார்ட்டர்பேக் ஷெடூர் சாண்டர்ஸ், பெரிய ஆட்டக்காரர் டியான் சாண்டர்ஸின் மகன், முதல் சுற்றிலேயே போவான் என்று பலரும் சொல்லியிருந்தார்கள், போகவில்லை. இரண்டு, மூன்று, இல்லை. போதாக்குறைக்கு அட்லாண்டா அணியின் தற்காப்புப் பயிற்சியாளருடைய மகன் அவனுக்குப் போன் போட்டு, ஒரு அணி எடுக்கப்போவதாக ஏமாற்றியிருக்கிறான். பிறகு அந்த அணிக்கு இரண்டரை லட்சம் டாலரும் பயிற்சியாளருக்கு ஒரு லட்சம் டாலரும் அபராதம் போட்டார்கள். அந்தப் பையன் மேல் எனக்கு இரக்கம்தான். நான் குறை சொல்வது திரையில் காட்டியதைப் பற்றி. யாரை எடுத்தாலும், அவனைப் பற்றி இரண்டு வரி பேசிவிட்டு, உடனே சாண்டர்ஸ் ஏன் இன்னும் போகவில்லை என்று திரும்பிவிடுவார்கள். ஒரு பையன் ஆறு வயதிலிருந்து கனவு கண்ட நிமிடம் அது, அவன் பெயர் திரையின் அடியில் எறும்பு ஊர்வது மாதிரி ஓடிப்போகிறது.

கிளீவ்லாந்து மூன்றாம் சுற்றில் 94-ஆவதாக டில்லன் கேப்ரியல் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்துவிட்டு, ஐந்தாம் சுற்றில் 144-ஆவதாக சாண்டர்ஸையும் எடுத்தது. முதல் நாள் அவ்வளவு அழகாக வியாபாரம் செய்த அணி, ஒரே இடத்துக்கு இரண்டு பேரை எடுத்து அடுத்தடுத்து வைத்தது எனக்கு ஏற்கவில்லை. ரகம் பிரிக்கிறவனுக்குத் தீர்மானம் வேண்டும், மேஜையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று போகக்கூடாது.

இப்போது மூன்றாம் நாள். நான் இந்தச் சந்தாவுக்குப் பணம் கட்டுவதே இந்த நாளுக்காகத்தான். நாலாம் சுற்றிலிருந்து ஏழாம் சுற்று வரை, 257 பேரில் பெரும்பாதிக்கு மேல் அன்றைக்குத்தான் போவார்கள். இதைப் பார்க்காமல் முதல் சுற்றை மட்டும் பார்த்துவிட்டு டிராஃப்ட் பார்த்தேன் என்று சொல்பவர்களிடம் எனக்குச் சண்டையே உண்டு. எங்கள் அணியின் பார்ட் ஸ்டார் 1956-இல் 200-ஆவது தேர்வு, அப்போது சுற்றுகள் நிறைய, பதினேழாவது சுற்றில் எடுத்தார்கள். பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் முதல் இரண்டிலும் ஜெயித்து, இரண்டிலும் சிறந்த ஆட்டக்காரர் ஆனது அவர்தான். பின்னால் பெரிய பெயர் வாங்கிய டாம் பிரேடி 2000-இல் 199-ஆவது. எங்கள் டொனால்ட் டிரைவர் 1999-இல் 213. பிராக் பர்டி 2022-இல் 262, அந்த வருஷத்தின் கடைசித் தேர்வு. இன்னொரு பக்கமும் உண்டு. 1936 பிப்ரவரியில் நடந்த முதல் டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்ட ஜே பெர்வேங்கர் அந்த ஆட்டத்தில் ஒரு நாள் கூட ஆடவில்லை. எண் என்பது அன்றைய சந்தை. அன்றைக்கு யார் கையில் காசு இருந்தது, எந்தத் தொழிற்சாலைக்கு எந்தத் தோல் அவசரம் என்பதுதான் விலையில் தெரியும், தோலின் ஆயுள் தெரியாது. மூன்றாவது செலக்‌ஷன் என்று நான் அடுக்கிய ஆட்டுத்தோலில் செய்த செருப்பு என் அப்பா காலில் ஒன்பது வருஷம் உழைத்தது.

நம் நாட்டிலும் ஒரு டிராஃப்ட் நடந்தது, 2017 ஜூலையில் மும்பையில், ஐ.எஸ்.எல். கால்பந்துக்காக. ஜாம்ஷெட்பூர் முதலாவதாக அனஸ் எடத்தொடிகாவை எடுத்தது. அந்தப் பருவத்தில் கோப்பையை வாங்கியது யார்? சென்னையின் எஃப்.சி., 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில், பெங்களூரு அணியையே 3-2 என்று ஜெயித்து. அதற்கு முந்தைய அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக வியாசர்பாடி தனபால் கணேஷ் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார், அது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அந்த டிராஃப்ட் முறை இப்போது இல்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு, ஏனென்றால் காசு உள்ள அணியும் இல்லாத அணியும் ஒரே மேஜையில் வரிசையில் நின்ற நாள் அது.

மூன்றாம் நாளுக்கே வருகிறேன். சனிக்கிழமை வேலை முடிந்து வந்து, குளித்துச் சாப்பிட்டு, ஒன்பதரைக்கு மறுபடி மாடி. பாரின் செரல் என்று ஒரு பையன், டெக்சாஸ், தற்காப்பில் விளிம்பில் நின்று குவார்ட்டர்பேக்கைத் துரத்துகிற வேலை. மேடைக்கு வரச் சொல்லி அழைக்கப்பட்டவர்களில் ஒருவன், அதனால் வியாழக்கிழமையே கிரீன் பேக்கு வந்திருந்தான். முதல் நாள் பெயர் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. அழைக்கப்பட்டு வந்தவன் எடுக்கப்படாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம், பெரும்பாலும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அவன் போகவில்லை. மூன்றாம் நாளும் அங்கேயே இருந்தான். நாலாம் சுற்று, 124-ஆவது தேர்வு, கிரீன் பே பேக்கர்ஸ், பாரின் செரல். அந்த ஊரிலேயே காத்திருந்தவனை அந்த ஊரே எடுத்துக்கொண்டது. அவன் மேடைக்கு வந்தபோது கூட்டம் எழுப்பிய சத்தம் கோல்டனுக்கு வந்ததற்குக் குறைவில்லை. நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. கீழே அம்மா எழுந்து “என்னடா?” என்று கேட்டார், என்னவென்று சொல்ல.

இதை இந்தச் செயலி எப்படிக் காட்டியது? மறுநாள் தொகுப்பில் தேடினேன், முதல் சுற்றின் 32 பேருக்கும் தனித்தனித் துணுக்கு இருக்கிறது. நாலாம் சுற்றிலிருந்து ஒன்றுமே இல்லை. ஏழு மணி நேர நேரலையை முழுசாக ஒரே நீளத்தில் போட்டிருக்கிறார்கள், அத்தியாயமாகக்கூடப் பிரிக்கவில்லை. பாயிடம் காட்டுவதற்காக அந்த நிமிடத்தைத் தேட எனக்கு அரை மணி நேரம் ஆனது. எல்லாருக்கும் ஒரே மாதிரி துணுக்கு வெட்டிப் போட என்ன கஷ்டம்? இந்த ஒரு குறைக்காகத்தான் நான் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன், இது சரியாக இருந்தால் கரண்ட் போனதையும் கடவுச்சொல்லையும் மன்னித்து நாலரை தந்திருப்பேன்.

மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன், பேக்கர்ஸ் ரசிகர்கள் யாராவது இங்கே இருந்தால் படிப்பார்கள். 159 காலின் ஆலிவர், 198 வாரன் பிரின்சன், 237 மைக்கா ராபின்சன், 250 ஜான் வில்லியம்ஸ். கார்னர் கடைசியாக ஏழாம் சுற்றில்தான் வந்தான், துலேனைச் சேர்ந்த இந்த ராபின்சன். அதில் எனக்கு இன்னும் மனத்தாங்கல். ஜான் வில்லியம்ஸ் பெயர் வந்தபோது கிழக்கு லேசாக வெளுத்திருந்தது. இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து ஞாயிறு வேலைக்குப் போனேன், பாய் என் கண்ணைப் பார்த்துவிட்டு அன்றைக்கு வெட் ப்ளூவை அவரே எடுத்துக்கொண்டார், எனக்குக் கிரஸ்டைத் தள்ளினார். கிரஸ்டில் தவறு நடந்தால் திருத்திக்கொள்ள நேரம் உண்டு.

அப்புறம் ஆகஸ்ட் 28. டல்லாஸ் கௌபாய்ஸிடமிருந்து மைக்கா பார்சன்ஸ் எங்களுக்கு வந்தான். கொடுத்தது கென்னி கிளார்க்கையும், 2026, 2027 இரண்டு வருஷ முதல் சுற்றுத் தேர்வுகளையும். மேலே ஜாக்சன்வில் அணியை ஒரு முதல் சுற்றுக்காகக் குறை சொன்னேன், இப்போது எங்கள் அணி இரண்டைக் கொடுத்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மை இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று நான் நினைக்கிறேன். ஹன்டர் இன்னும் பதனிடாத தோல். பார்சன்ஸ் 2021-இல் பன்னிரண்டாவதாக எடுக்கப்பட்டு, நாலு வருஷம் ஆடிக் காட்டிவிட்டவன், முடித்த தோலைப் பார்த்து வாங்குவது போல. டெட்ராய்ட்டுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே குவார்ட்டர்பேக்கை ஒருமுறை வீழ்த்தினான், 27-13 என்று ஜெயித்தோம். கென்னி கிளார்க்கை விட்டதுதான் நெஞ்சில் இருக்கிறது. 2016-இல் எங்கள் முதல் சுற்று, ஒன்பது வருஷம் நடுவில் நின்று அடி வாங்கியவன்.

ஆக, 2026 ஏப்ரலில் பிட்ஸ்பர்க்கில் டிராஃப்ட் நடக்கும்போது முதல் நாளில் எங்கள் பெயரே வராது. வெள்ளிக்கிழமை விடுமுறையும் பயன்படாது. எங்கள் முறை இரண்டாம் நாள்தான், சனிக்கிழமை விடியற்காலை, வேலை நாள். பிறகு எதற்குப் பணம் கட்டுகிறாய் என்று அக்கா பையன் கேட்டான், முதல் சுற்று இல்லாத வருஷத்துக்கு ஒரு சந்தா மிச்சம் பண்ணலாமே மாமா என்றான்.

நேற்று சாயங்காலம் கட்டிவிட்டேன். நாலாம் சுற்றுக்கு மேல் துணுக்கு போடுங்கள், நேரத்தை இந்திய நேரத்தில் காட்டுங்கள் என்று இரண்டு வரி அவர்களுக்கும் எழுதி அனுப்பியிருக்கிறேன், பதில் வந்தால் இங்கேயே கீழே சேர்க்கிறேன். இன்று காலை மேஜையில் பாய் தோலைத் திருப்பிச் சதைப் பக்கத்தைத் தடவிக்கொண்டே, “அந்த மூணு நாள் உக்காந்துட்டு இருந்தானே, அந்தப் பையன் ஆடுறானா?” என்று கேட்டார். ஆடுகிறான் பாய் என்றேன்.